வெயிலுக்கும் ஒரு கணக்கு நோட்டு

(ஸ்ரீரங்கத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத குழுக்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)

லால்குடி, மண்ணச்சநல்லூர், அந்தநல்லூர், ஸ்ரீரங்கம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கீங்க. விடிகாலையில் எழுந்து, சமையலை முடிச்சு, பிள்ளைகளை அனுப்பிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்தவங்களும் இருக்கீங்க. உங்களுக்கெல்லாம் முதலில் நன்றி.

சில மாதங்களாக நாங்கள் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி வருது. "மேடம், வீட்டு மாடியில சோலார் போடலாமா? அதுக்கு உறுப்பினர் கடன் கேட்டா குழு கொடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். வீடு வீடாக ஆட்கள் வருகிறார்கள். "ஒரு தடவை போட்டுட்டா 25 வருஷத்துக்கு கரண்ட் பில்லே கிடையாது. திருச்சியில வெயிலுக்கா பஞ்சம்?" என்று பேசுகிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தவணை கட்டப்போறது அவங்க இல்லை, நாம.

இதுக்கு "போடுங்க", "போடாதீங்க" என்று நாங்கள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லப்போவதில்லை. கோடிக்கணக்கில் பணம் போட்டு சோலார் மின்நிலையம் நடத்துகிறவர்கள் தினமும் என்ன செய்கிறார்கள் என்று இன்றைக்குப் பார்ப்போம். அதிலேயே நமக்கு வேண்டிய பதில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், அவர்கள் வெயிலைச் சும்மா நம்புவதில்லை. வந்த வெயிலை அளந்து எழுதுகிறார்கள். வந்த கரண்டையும் அளந்து எழுதுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நம்ம குழுவில் வரவு செலவு எழுதுகிற மாதிரிதான்.

கமுதியில் 25 லட்சம் தகடுகள்

பஞ்சப்பூர்ப் பக்கம் போனவர்கள் மாநகராட்சி அமைத்த சோலார் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவே பெரிசாத் தெரியும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் இருப்பது அதைவிடப் பல மடங்கு பெரியது. 2016 செப்டம்பரில் அது முழுமையாகத் தொடங்கப்பட்டது. 648 மெகாவாட். ஏறக்குறைய 2,500 ஏக்கர் நிலம். சுமார் 25 லட்சம் தகடுகள். ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகத்திலேயே பெரியது என்று அப்போது சொன்னார்கள். பிறகு ராஜஸ்தானில் பட்லா என்ற இடத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிய சோலார் பூங்கா வந்துவிட்டது.

கமுதி மழை குறைந்த கரிசல் பூமி. தகடு மேல் தூசி படியும். அதைத் துடைக்க அங்கே தானாக ஓடும் இயந்திரங்களை வைத்தார்கள். அந்த இயந்திரத்துக்கும் கரண்ட் சூரியனிடமிருந்துதான். தினமும் துடைக்கிற செலவுக்கு ஏன் துணிகிறார்கள்? தூசியால் எவ்வளவு கரண்ட் குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தான் அந்தச் செலவைச் செய்ய முடியும். கணக்கு இல்லை என்றால் "இருக்கட்டும், மழை வந்தா கழுவிடும்" என்று விட்டுவிடுவோம்.

வெயிலை எப்படி அளப்பது?

பாலைப் படியில் அளக்கிறோம். அரிசியை மரக்காலிலும் தராசிலும் அளக்கிறோம். வெயிலை எதில் அளப்பது?

பழைய வழி ஒன்று உண்டு. சின்ன வயசில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்து காகிதத்தைப் பொசுக்கி விளையாடியிருப்போம். அதே முறைதான். வானிலை நிலையங்களில் ஒரு கண்ணாடி உருண்டையை வெட்டவெளியில் வைத்து, அதற்குக் கீழே நீளமான அட்டை ஒன்றைச் செருகி வைப்பார்கள். வெயில் அடிக்கும் நேரமெல்லாம் அட்டையில் கருகிய கோடு விழும். மேகம் மறைத்த நேரம் கோடு அறுந்திருக்கும். சாயங்காலம் கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று தெரிந்துவிடும்.

ஆனால் சோலார் நிலையத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது மட்டும் போதாது. எவ்வளவு பலமான வெயில் என்று தெரிய வேண்டும். காலை 7 மணி வெயிலும் மதியம் 12 மணி வெயிலும் ஒன்றா? அதற்கு இருக்கிற கருவியின் பெயர் பைரானோமீட்டர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு சின்னக் கறுப்பு வில்லை, அதன் மேல் கவிழ்த்த கிண்ணம் மாதிரி கண்ணாடி மூடி, அவ்வளவுதான். கறுப்பு நிறம் சூட்டை இழுக்கும் என்பது நமக்குத் தெரியும். கறுப்புக் குடை பிடிச்சு நடந்தா எப்படிச் சுடுது! வெயில் பட்டதும் அந்த வில்லை சூடாகும். சூட்டுக்குத் தகுந்தபடி மிகச் சிறிய அளவு மின்சாரம் அதில் உண்டாகும். அதை அளந்தால் வெயிலின் பலம் தெரியும். இரவு பகலாக அது தானாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கருவியை இரண்டு விதமாக வைப்பார்கள். ஒன்று தரை மாதிரி மட்டமாக இருக்கும். இன்னொன்று தகடு எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் இருக்கும். தகடு பார்க்கிற வெயிலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்காக இந்த இரண்டாவது கருவி. சில இடங்களில் சூரியகாந்திப் பூ மாதிரி சூரியனைப் பார்த்தபடியே திரும்பும் கருவியும் உண்டு. அது நேர் வெயிலை மட்டும் அளக்கும். மேகத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறி வருகிற வெளிச்சத்தை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. மேகமூட்டமான நாளிலும் தகடு கொஞ்சமாவது கரண்ட் கொடுப்பது அந்தச் சிதறிய வெளிச்சத்தால்தான்.

அளவு என்ன? நமக்குத் தெரிந்த யூனிட்தான். ஈ.பி. பில்லில் வருகிற அதே யூனிட். நல்ல உச்சி வெயிலில், ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலமுள்ள இடத்தில் விழும் வெயில் ஏறக்குறைய 1,000 வாட். ஒரு மணி நேரம் அப்படியே அடித்தால் அது 1 யூனிட். காலையிலிருந்து சாயங்காலம் வரை கூட்டினால், திருச்சிப் பக்கம் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 5 யூனிட்டுக்குச் சற்று மேலே வரும். பங்குனியில் 6-க்கு மேலே போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 2-க்குக் கீழேகூட இறங்கும் நாள் உண்டு. "வருஷம் முழுக்க ஒரே மாதிரி வரும்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் இந்த வேலை புதிதல்ல. இந்திய வானிலைத் துறை 1957-லிருந்து முறையாகக் கதிர்வீச்சை அளந்து வருகிறது. சோலார் நிலையங்களுக்காகவே தனியாக அளக்கும் வேலை 2011-ல் தொடங்கியது. முதல் கட்டமாக நாடு முழுக்க 51 இடங்களில் அளவுக் கருவிகளை வைத்தார்கள். அந்தப் பொறுப்பை ஏற்றது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம். இப்போது அதற்குத் தேசிய காற்று சக்தி நிறுவனம் என்று பெயர். காற்றுக்காகத் தொடங்கிய நிறுவனம் வெயிலையும் அளக்கிறது.

5 வந்தது, 4 கொடுத்தது

இப்போது முக்கியமான கணக்கு. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாடியில் 1 கிலோவாட் சோலார் இருக்கிறது. இன்றைக்கு வந்த வெயில் 5. அப்படியானால் எந்தச் சேதாரமும் இல்லாமல் இருந்தால் 5 யூனிட் கரண்ட் வர வேண்டும். ஆனால் சேதாரம் இல்லாமல் எதுவும் இல்லை. நெல்லை அரைத்தால் தவிடு, உமி போகத்தானே செய்யும். சூட்டில் கொஞ்சம், ஒயரில் கொஞ்சம், தூசியில் கொஞ்சம், இன்வெர்ட்டரில் கொஞ்சம் என்று போய் 4 யூனிட் கைக்கு வரும். 5-க்கு 4 என்றால் நூற்றுக்கு 80. நன்றாக நடக்கும் நிலையங்களில் இந்த விகிதம் நூற்றுக்கு 75 முதல் 85 வரை இருக்கும். பெரிய நிலையத்தின் பொறியாளர் தினமும் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இதில் என்ன விசேஷம்? இன்றைக்கு 4 யூனிட் வந்தது, நாளைக்கு 2 யூனிட்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வெயிலை அளக்காதவர் என்ன சொல்வார்? "தகடு கெட்டுப்போச்சு" என்பார். இல்லாவிட்டால் "மேகமா இருந்துச்சு" என்பார். இரண்டுமே ஊகம். வெயிலை அளந்தவர் நோட்டைப் பார்ப்பார். வெயிலும் 5-லிருந்து இரண்டரையாகக் குறைந்திருந்தால் விகிதம் அதே 80. தகட்டில் குறை இல்லை, வானத்தில்தான் குறை. வெயில் அதே 5 இருந்து கரண்ட் மட்டும் 2 ஆகியிருந்தால் விகிதம் 40. அப்போது எங்கேயோ ஓட்டை இருக்கிறது, உடனே ஆள் போக வேண்டும்.

நம்ம குழுவில் உண்டியலில் பணம் குறைந்தால் என்ன செய்கிறோம்? யார் மேலேயும் பழி போடுவதற்கு முன்னால் நோட்டைத் திறக்கிறோம். சந்தா வந்ததா, உள்கடன் போனதா, தவணை திரும்பியதா என்று வரிசையாகப் பார்க்கிறோம். நோட்டு சரியாக இருந்தால் சண்டை இல்லை. இதுவும் அப்படித்தான்.

அளவுகோலுக்கு முதலில் குளியல்

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தகட்டில் தூசி படிகிறது. அதே தூசி அளக்கும் கருவியின் கண்ணாடி மேலும் படிகிறது. அப்போது என்ன ஆகும்? அழுக்குத் தகடு குறைவாகக் கரண்ட் கொடுக்கும். அழுக்குக் கருவியும் "இன்றைக்கு வெயில் குறைவு" என்று எழுதும். இரண்டும் சேர்ந்து குறைவதால் விகிதம் நல்லபடியாகவே தெரியும். நஷ்டம் நடக்கிறது, ஆனால் நோட்டில் தெரியாது. கடன் வாங்கியவரே கணக்கும் எழுதினால் எப்படியோ, அப்படி.

அதனால் நல்ல நிலையங்களில் அந்தக் கண்ணாடி மூடியைத் தவறாமல் துடைத்து, துடைத்த நேரத்தையும் எழுதி வைப்பார்கள். பனித்துளி, காக்கை எச்சம், சிலந்திக் கூடு எல்லாம் பார்க்க வேண்டும். கருவி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரி ஒரு குமிழ் அதிலேயே இருக்கும்.

துடைத்தால் மட்டும் போதாது. காந்தி மார்க்கெட்டில் தராசுக்கும் படிக்கல்லுக்கும் அரசாங்க முத்திரை இருக்க வேண்டும் அல்லவா? அதுபோல இந்தக் கருவியையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும். அதைவிட நல்ல கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அந்த நல்ல கருவியை இன்னும் நல்ல கருவியோடு ஒப்பிட்டிருப்பார்கள். இப்படியே படிப்படியாகப் போனால் சுவிட்சர்லாந்து நாட்டில் டாவோஸ் என்ற மலை ஊருக்குப் போய்ச் சேரும். 1971-லிருந்து உலகத்துக்கே வெயில் அளவின் மூலப் படிக்கல் மாதிரியான கருவிகள் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு சதவீதம் தப்பினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள். 100 மெகாவாட் நிலையம் என்றால் 1 லட்சம் கிலோவாட். ஒரு கிலோவாட்டுக்கு 4 யூனிட் வீதம் ஒரு நாளைக்கு 4 லட்சம் யூனிட். அதில் 1 சதவீதம் 4,000 யூனிட். யூனிட் 3 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 12,000 ரூபாய். ஒரு வருஷத்துக்கு 43 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம். அதனால்தான் உள்ளங்கை அளவு கண்ணாடியைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள்.

சூடு வேறு, வெளிச்சம் வேறு

நம்மில் பலர் நினைப்பது, அக்கினி நட்சத்திரத்தில்தான் சோலார் அதிகம் கொடுக்கும் என்று. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. தகட்டின் சக்தியைத் தொழிற்சாலையில் 25 டிகிரி சூட்டில் வைத்து அளந்து எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மொட்டை மாடியில் மதிய வெயிலில் தகடு 60 டிகிரி வரை சுடும். அப்படியானால் நூற்றுக்கு 10 முதல் 14 வரை குறைகிறது. அதனால் நிலையங்களில் தகட்டின் முதுகில் சூடு அளக்கும் கருவியையும் ஒட்டி வைக்கிறார்கள். மாடியில் தகட்டைத் தரையோடு தரையாகப் படுக்க வைக்காமல் கீழே காற்றோட்டம் விடச் சொல்வதும் இதற்காகத்தான்.

அடுத்தது நிழல். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி உயரம். காலையில் அதன் நிழல் ஒரு பக்கம், சாயங்காலம் மறுபக்கம் நீண்டு விழுவதைப் பார்க்கிறோம். நம் வீட்டில் கோபுரம் வேண்டாம், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மாடி, ஒரு தென்னை மட்டை போதும். தகடுகளை வரிசையாக இணைத்திருப்பதால் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மற்றதும் பாதிக்கப்படும். ரப்பர் ஹோஸை ஒரு இடத்தில் மிதித்தால் முனையில் தண்ணீர் குறைவதில்லையா, அதுபோல.

நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதை நீங்களே பார்க்கலாம். கிரகணத்தன்று உலக்கையை நிமிர்த்தி வைப்பார்களே, அது மாதிரி ஒரு கம்பை நேராக நட்டு வையுங்கள். சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும், மதியம் ஏறக்குறைய 12.15-க்கு, திருச்சியில் கம்பின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். சூரியன் நேர் உச்சியில் இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே இருக்கும். ஆவணியிலிருந்து பங்குனி வரை, வருஷத்தில் ஏறக்குறைய எட்டு மாதம், தெற்கே இருக்கும். அதனால்தான் நம் ஊரில் தகட்டைத் தெற்கு பார்த்து, கொஞ்சமாகச் சாய்த்து வைக்கிறார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும், நிழல் நீளமாக விழும். கோடையில் மாடியைப் பார்த்து "நிழலே இல்லை" என்று முடிவு செய்யக்கூடாது.

ஒரு உறுப்பினர் வீட்டுக் கணக்கு

இதெல்லாம் பெரிய நிலையத்துக்குத்தானே, நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். உறுப்பினர் பெயர் வேண்டாம்.

அவர் 3 கிலோவாட் சோலார் போட்டார். கொஞ்சம் வங்கிக் கடன், கொஞ்சம் குழுவின் உள்கடன். முதல் சில மாதம் நன்றாக வந்தது. பிறகு பில் ஏற ஆரம்பித்தது. தவணையும் கட்டணும், பில்லும் கட்டணும் என்றானதும் வீட்டில் பேச்சு வந்தது. "குழு குழுன்னு போய் இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியா?" என்று கேட்டார்கள். இரண்டு தவணை நின்றது. சோலார் போட்டுக்கொடுத்தவரைக் கேட்டால், "இந்த வருஷம் வெயில் கம்மிம்மா, நாங்க என்ன பண்றது?" என்றார். குழுவில் இனி சோலாருக்குக் கடனே இல்லை என்று தீர்மானம் எழுதப் போனார்கள்.

தீர்மானத்துக்கு முன்னால் பத்து நாள் கணக்கு எடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். வெயில் அளக்கும் கருவிக்கு நாம் எங்கே போவது? அதற்கு ஒரு வழி இருந்தது. பக்கத்து ஊரில் இன்னொரு குழு உறுப்பினர் வீட்டிலும் அதே 3 கிலோவாட். இரண்டு ஊருக்கும் ஒரே வானம், ஒரே வெயில். அந்த வீட்டுத் தகட்டையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம். இன்வெர்ட்டர் பெட்டியில் அன்றன்றைய யூனிட் எண்ணாகத் தெரியும். கல்லூரியில் படிக்கும் மகள் தினமும் சாயங்காலம் 6 மணிக்கு இரண்டு வீட்டு எண்ணையும் நோட்டில் எழுதினாள். அது மாசி மாதம்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால், அந்த வீட்டில் சராசரி 13 யூனிட். இந்த வீட்டில் 8. வெயில் கம்மி என்றால் இரண்டு வீட்டிலும்தானே குறைய வேண்டும்? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாடி ஏறிப் பார்த்தோம். ஊரில் அரிசி ஆலைகள் இருக்கின்றன. உமிச் சாம்பல் காற்றில் வந்து தகடு மேல் மெல்லிசாகப் படிந்திருந்தது. கீழே இருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் தெரிந்தது. காலையில் வெயில் ஏறும் முன் நல்ல தண்ணீரும் மெத்தென்ற துணியும் வைத்துத் துடைத்தார்கள். மறுநாளிலிருந்து 12 வந்தது. மீதி ஒரு யூனிட்? மூன்று மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் கடைசித் தகட்டில் விழுந்தது. அதை அந்தப் பக்கத்திலிருந்து நகர்த்திக் கொடுக்கும்படி, நோட்டைக் காட்டிக் கேட்டார்கள். நோட்டைப் பார்த்ததும் அவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஒரு நாளைக்கு 4 யூனிட் என்பது சின்னதாகத் தெரியும். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட். நின்ற தவணை அதற்குள்ளேதான் இருந்தது. அந்தக் குழு இப்போது சோலாருக்குக் கடன் கொடுக்கிறது. ஆனால் நோட்டுப் போடச் சம்மதிப்பவர்களுக்கு மட்டும்.

கடன் கேட்கும் முன் ஐந்து கேள்வி

குழுவில் இந்தக் கடன் விண்ணப்பம் வந்தால் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு வருஷத்து ஈ.பி. கணக்கை எடுத்துப் பாருங்கள். 1 கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் கொடுக்கும். உங்கள் வீட்டுச் செலவே இரண்டு மாதத்துக்கு 150, 200 யூனிட் என்றால், அதிலும் இலவச யூனிட் போக நீங்கள் கட்டும் பணம் மிகக் குறைவு. அந்த வீட்டுக்கு 3 கிலோவாட் எதற்கு? மிச்சமாகும் பில் பணத்தையும் கட்ட வேண்டிய தவணையையும் எதிரெதிரே எழுதுங்கள்.

2. மாடியில் இடமும் வெயிலும் இருக்கிறதா? 1 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். காலை 9, மதியம் 12, மாலை 3 என்று மூன்று நேரம் நிழல் பாருங்கள்.

3. மாதவாரியாக எத்தனை யூனிட் வரும் என்று எழுத்தில் தருவார்களா? வாயால் சொல்வது போதாது. தகட்டுக்கு 25 வருஷம் என்பார்கள். இன்வெர்ட்டருக்கு உத்தரவாதம் அதைவிட மிகக் குறைவு. அது கெட்டால் செலவு யாருடையது என்று கேளுங்கள்.

4. கரண்ட் போனால் என்ன ஆகும்? பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைத்த சாதாரண சோலார், லைனில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஆளின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் ஏமாந்தவர்கள் அதிகம்.

5. மானியம் எப்போது வரும்? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் அறிவித்தார்கள். அது வேலை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் வரும். முதலில் முழுப் பணத்துக்கும் வழி வேண்டும். விண்ணப்பிக்கும் அன்றைக்கு என்ன விதி, என்ன தொகை என்று ஈ.பி. அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பேசுபவர் சொல்வதை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டாம்.

போட்டபின் பராமரிப்பும் முக்கியம். உச்சி வெயிலில் சுடும் தகட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது, கண்ணாடி விரிசல் விடலாம். உப்புத் தண்ணீர் வெள்ளைத் திட்டாகப் படியும். சோப்புத் தூள், தேங்காய் நார் வேண்டாம். ஓட்டு வீட்டிலும் சிமெண்ட் ஷீட் கூரையிலும் ஏறவே ஏறாதீர்கள். ஒயர், பெட்டி எதையும் நாமே திறக்கக்கூடாது.

நாம் செய்யப்போவது

ஏற்கெனவே சோலார் போட்ட உறுப்பினர்கள் நம் கூட்டமைப்பில் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் போடுங்கள். மூன்றே பத்தி போதும். தேதி, அன்றைய யூனிட், ஒரு குறிப்பு. குறிப்பில் வெயில், மேகம், மழை, துடைத்தோம் என்று ஒரு சொல். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். லால்குடி நோட்டையும் ஸ்ரீரங்கம் நோட்டையும் மண்ணச்சநல்லூர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எத்தனை கிலோவாட்டோ அதால் வகுத்துப் பார்ப்போம். எல்லார் வீட்டிலும் 4 வரும்போது ஒரு வீட்டில் மட்டும் இரண்டரை வந்தால், அந்த வீட்டு மாடிக்கு நாங்களும் வருகிறோம்.

கையெழுத்துப் போடத் தெரியாமல் குழுவுக்கு வந்து, இன்றைக்கு லட்சக்கணக்கில் வரவு செலவு எழுதுகிறவர்கள் நீங்கள். கணக்கு எழுதத் தெரிந்த பிறகுதான் வங்கியில் நமக்கு நாற்காலி போட்டார்கள். வெயிலையும் அதே நோட்டில் ஏற்றிவிட்டால், "உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று நம்மிடம் யாரும் சொல்ல முடியாது.

சோலாருக்குக் கடன் விண்ணப்பம் வந்திருக்கும் குழுக்கள் இந்த ஐந்து கேள்வியையும் பதிலோடு தீர்மான நோட்டில் எழுதி, அதன்பிறகு முடிவு செய்யுங்கள். கேள்வி இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களிடம் வாருங்கள், ஈ.பி. கணக்கையும் கையோடு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.